நாற்பத்தொன்றாம் நாள் தொட்டில்

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மூன்றாம் நாள், இலை அசையாத ஒரு மத்தியானத்தில், வெள்ளிமடத்தில் பதினொரு வீட்டுச் சேலைத் தொட்டில்கள் தாமாகவே ஆட ஆரம்பித்தன. விட்டத்தில் போட்ட முடிச்சு கிறீச்சிட, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் தள்ளிவிட்டு மறு கையால் வேறு வேலை பார்ப்பதுபோல, அவசரமில்லாமல் ஆடின. யாரும் அலறிக்கொண்டு வெளியே ஓடவில்லை. பாம்பன் தீவின் தெற்குக் கரையில் இருக்கிற அந்த ஊரில் காற்று திரும்பினால் கைபேசிகூடத் தானாகவே கடலைத் தாண்டிப் போய், இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி காட்டும். அடுப்படியில் நின்றபடியே நாடு மாறிப்போகிற ஊரில் ஒரு தொட்டில் ஆடுவது என்ன பெரிய விஷயம் என்றுதான் இருந்தது எல்லோருக்கும்.

டெல்சிக்கு அப்போது பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம். அவள் புருஷன் அமலதாசன், பிள்ளைக்குப் பதினாறாம் நாள் கடலுக்குப் போனவன், கடல் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான் என்று அந்தப் பக்கத்துக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போய் அங்கேயே சிறையில் வைத்திருந்தது. அப்பன் வரட்டும் என்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பேர் வைக்காத பிள்ளை. ராசா என்றும் குட்டி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராக நிற்கிற பெண் அவள், யாராவது ஏதாவது கேட்டால் முந்தானை நுனியைப் பார்த்துப் பதில் சொல்கிறவள். தன் வீட்டுத் தொட்டில் ஆடுவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற பிரகாசி மதினி, அமலதாசனின் அக்கா, வந்து பார்த்துவிட்டுத்தான் ஊருக்குச் சொன்னாள்.

"எவளோ ஒரு புண்ணியவதி ஆட்டுறா, ஆட்டட்டும்," என்றாள் மதினி. "பிள்ளை தூங்குதுல்ல? நீ நாளைக்குப் பாசிக்குக் கெளம்புற வழியப் பாரு."

"ஆட்டுறவ அப்படியே அந்த மீனையும் அலசி வச்சிட்டுப் போனா என்னவாம்," என்று வாசலிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் விடியலில் போய் மத்தியானம் திரும்புகிறவர்கள். முட்டியில் பாறை கிழித்த காயத்தோடு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, ஆட்டுகிற கை தளர்ந்து, பிள்ளைக்கு முன்னால் தான் தூங்கிவிடுகிறவர்கள். அவர்களுக்கு அந்தத் தொட்டில்கள் கடவுள் அனுப்பிய ஆள் மாதிரி இருந்தன. பத்து நாளில் பழகிவிட்டது. பிள்ளையைப் போட்டுவிட்டு, ஆடுகிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

பிள்ளை இல்லாதபோதும் ஆடியதுதான் தொல்லையாகப் போனது. வெறும் தொட்டில் ஆடக்கூடாது, ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். தொட்டிலைப் பற்றி அந்த ஊரில் மூன்று வழக்கம் உண்டு. முதல் முதலில் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் அம்மிக்குழவியைத் துடைத்துப் பொட்டு வைத்துத் தொட்டிலில் கிடத்தி எடுப்பார்கள், அந்தக் கல் மாதிரி பிள்ளை கெட்டியாக இருக்கட்டும் என்று. இரண்டாவது, வெறும் தொட்டிலை ஆட்டுவதில்லை. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தவறிப்போனால் நாற்பது நாள் தொட்டில் அப்படியே தொங்கும். நாற்பத்தொன்றாம் நாள் உச்சிப்பொழுதில் பெற்றவள் அதை மூன்று முறை ஆட்டிவிட்டு முடிச்சை அவிழ்த்து, உள்ளே பிள்ளை இருப்பதுபோலவே, மெதுவாகத் தரைக்கு இறக்குவாள். வெறும் தொட்டில் ஆடலாம் என்கிற நாள் அது ஒன்றுதான்.

ஆடியது மட்டும் இல்லை, சில நேரம் வெறும் தொட்டில் தொய்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் சேலை இறுகித் தொங்கியது, கீழே கையைக் கொடுத்துத் தூக்கினால் கனத்தது. பிரகாசி மதினி மீன் விற்கிறவள், கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடுகிறவள். தூக்கிப் பார்த்துவிட்டு, "நாலு கிலோ இருக்கும்" என்றாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"காலியா கெடக்குற எடத்துலதான் கண்டதும் வந்து உக்காரும். எடத்த நெரப்பி வையி, தன்னால போயிரும்."

அப்படித்தான் வெள்ளிமடத்தில் பதினொரு வீட்டிலும், பிள்ளையை எடுத்ததும் தொட்டிலை நிரப்பி வைக்கிற பழக்கம் வந்தது. முதலில் விளக்குமாறு வைத்தார்கள், பிறகு அரிவாள்மனை, பிறகு தேங்காய். ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் எல்லோர் கையும் தானாகவே அம்மிக்குழவிக்குத்தான் போனது, முதல் நாள் பிள்ளைக்கு முன்னால் படுத்தது அதுதானே என்று. கல்லை வைத்தால் தொட்டில் நின்றது, அல்லது நிற்கிற மாதிரி சோம்பலாக ஆடியது. பிள்ளை தூங்கும்போது பிள்ளை, பிள்ளை எழுந்தால் கல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அதுவும் பழகிவிட்டது.

அந்த நாட்களில்தான் பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் வீறிட்டு அழ ஆரம்பித்தன. நன்றாகத் தூங்குகிற பிள்ளை திடீரென்று முகம் சிவக்க, மூச்சு முட்ட அழும். எடுத்துப் பார்த்தால் வயிற்றில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறையும். டெல்சியின் பிள்ளைக்கும் அப்படித்தான். சுகாதார நிலையத்து நர்ஸ், சட்டையை இறுக்கமாகப் போடாதீர்கள் என்றாள். பிரகாசி மதினி மிளகாய் சுற்றிப் போட்டாள். சாமியார் வந்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார். கடைசியில் பதினொரு தாய்மாரும் சேர்ந்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார்கள். பதின்மூன்று நாள் திருநாள் நடந்து கொடி இறங்கியது. கொடி இறங்கி ஒன்றிரண்டு நாளில் ஊர் முழுக்கப் பிள்ளைகளின் அழுகை கத்தரித்ததுபோல் நின்றது. டெல்சி ஒரு முழ மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டுபோய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றிவைத்து, தரையில் நெற்றி படக் கும்பிட்டு வந்தாள்.

அந்த வாரத்திலிருந்து அவள் வீட்டுத் தொட்டில் தானாக ஆடவும் இல்லை, தொய்யவும் இல்லை. அதையும் அந்தோணியார் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அமலதாசன் வந்து சேர்ந்தான். மெலிந்து, தாடியோடு, கையில் ஒரு பாலித்தீன் பையோடு வந்தவன் முதலில் பிள்ளையைத்தான் தூக்கினான். பிள்ளை அவன் தாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. டெல்சி சிரித்தாள், நாலு மாதத்துக்குப் பிறகு. அவனுக்குப் பிடித்த திருக்கை மீன் குழம்பு வைத்திருந்தாள். மதினியும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க சோறெல்லாம் போட்டானுகளாடா?"

"ஞாயித்துக்கெழம பூசைக்கு அந்த ஊர்ச் சாமியார் வருவாரு. அவரு கூட மன்னார்ப் பக்கத்துப் பொம்பளைக நாலஞ்சு பேரு சோறு கட்டிட்டு வருவாங்க. இதே திருக்கைதான் மதினி... சே, அக்கா. வாய் கொழறுது பாரு. இதே புளி, இதே பூண்டு. தேங்காப்பால் மட்டும் கொஞ்சம் கூட. ஒரு அக்கா என்னைப் பாத்ததும், 'தம்பி, உங்கட ஊரில சந்தியாகப்பருக்கு எப்ப கொடியேத்தம்'னு கேட்டுச்சு. அங்கயும் சந்தியாகப்பர்தான், அதே குதிரை, அதே தேதி. பிள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிறதுகூட அதே எடம்."

"அப்ப என்ன மண்ணுக்குத்தான் நடுவுல கோடு போட்டானுகளாம்?"

"அதக் கேக்கத்தான் நாலு மாசம் உள்ள வச்சான்," என்று சிரித்தான் அமலதாசன். "இன்னொன்னு கேளு. அங்க தொட்டில ஏணைன்னு சொல்றாங்க. ஏணையெல்லாம் தானா ஆடுதாம். உயிர்ப்பு ஞாயிறுக்கு அப்பறந்தானாம். உங்க ஊர்லயும் அப்படியான்னு கேட்டாங்க. நான் உள்ள கெடந்தவன், எனக்கு என்ன தெரியும்?"

மதினி கன்னத்தில் கை வைத்தாள். "யாத்தே. அப்ப நம்ம ஆட்டுறதுதான் அங்க ஆடுது, அவளுக ஆட்டுறதுதான் இங்க ஆடுது. தொய்ஞ்சுச்சே, அந்தக் கனமும் அவளுக பிள்ளைக கனந்தானா?"

"அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க. வெறும் ஏணை ஆடக்கூடாதுன்னு அங்கயும் பொம்பளைக பயந்து, எடத்த நெரப்புறோம்னு அம்மிக்குழவியத் தூக்கி வச்சிருக்காங்க."

டெல்சி அவன் இலையில் சோறு வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிள்ளையின் வயிற்றில் இருந்த வட்டத் தடம் அவள் கண்முன் வந்து நின்றது.

"இப்ப யாரும் வைக்கிறதில்ல," என்றான் அமலதாசன். குரல் இறங்கியிருந்தது. "ஒரு பிள்ளை செத்துப்போச்சு. ஏணையிலயே. நல்லாத் தூங்குன பிள்ளையாம், வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல உருண்டையா கன்னிப்போயி. அதப் பாத்துத்தான் அவங்களுக்கு வெளங்கியிருக்கு. அன்னைக்கே எல்லா வீட்டுலயும் கல்ல எடுத்துட்டாங்க. பிள்ளை தூங்கயில ஏணை ரொம்பக் கனத்தா ஓடிப்போயித் தூக்கிர்றாங்க. சோறு கொண்டுவர்ற ஒரு அக்காவோட தங்கச்சி பிள்ளை. தங்கச்சி பேரு யசிந்தா. பிள்ளை பேரும் சொன்னுச்சு... மறந்துட்டேன்."

"என்னைக்கு?" என்று டெல்சி கேட்டாள். புருஷன் வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்தோணியாருக்குக் கொடி எறக்கி மறுநா. புதன்கெழம மத்தியானம்."

புதன்கிழமை ஊசி போடுகிற நாள். பிள்ளைக்கு மூன்றாவது ஊசிக்கு அன்றைக்குத்தான் போயிருந்தாள். கிளம்பும்போது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தேங்காய் வைத்தாள், ஆடியது. எப்போதும் வைக்கிற சின்னக் குழவியை வைத்தாள், அப்போதும் ஆடியது. நேரமாகிறதே என்று, தாய்வீட்டில் கொடுத்துவிட்ட பெரிய அம்மிக்குழவியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சுப் பிடித்து, தொட்டிலில் இறக்கினாள். நின்றுவிட்டது. 'அப்பாடா' என்று சொன்னதுகூட ஞாபகம் இருந்தது. ஊசி அட்டையில் தேதி இருந்தது. சாப்பாடு முடிந்ததும் எடுத்துப் பார்த்தாள், ஒரு தடவைக்கு நாலு தடவை.

செய்தி ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றியது. எல்லா வீட்டிலும் கல்லை எடுத்தார்கள், எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு அழுதவளும் உண்டு. யார் வீட்டுக் கல்லோ, யார் வீட்டுக் கல்லோ என்று வாய்க்கு வாய் பேச்சு. ஒருத்தியும் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் பதினொரு வீட்டிலும் தாய்மார் தொட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஆடாத தொட்டிலுக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளை இல்லை என்று அர்த்தம். பத்து வீட்டில் தொட்டில் ஆடியது. பத்துப் பேரும் வாசலுக்கு வந்து, "எங்களது ஆடுது, எங்களது ஆடுது" என்று கூவினார்கள், பிழைத்துவிட்ட குரலில். பதினோராவது வீட்டிலிருந்து சத்தம் வரவில்லை.

பிரகாசி மதினி எட்டிப் பார்த்தாள். டெல்சி தொட்டிலுக்குப் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்களதும் ஆடுது மதினி."

மதினியின் பார்வை தொட்டிலிலிருந்து கீழே இறங்கியது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, குனிந்து, டெல்சியின் கால் பெருவிரலிலிருந்து தொட்டிலுக்குப் போகிற வலை நூலை அவிழ்த்தாள். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டாள். போகும்போது மட்டும், "நா ஊர்ல ஆடுதுன்னே சொல்லிர்றேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு நல்ல காலம்தான் வந்தது. காலை நேரம் அவர்களுக்கு, மத்தியானம் நமக்கு என்று பேசாமலேயே ஒரு முறை ஏற்பட்டது. காலையில் இங்கே வெறும் தொட்டிலை வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் ஆட்டினார்கள், அது வெறும் தொட்டில் இல்லை என்று தெரிந்துவிட்டதால். கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, "அவ பிள்ள எம்பிள்ளைய விட அரைக் கிலோ கூட இருக்கும்டி, என்னத்தத் திங்கிறாளோ" என்று பொறாமைப்பட்டார்கள். ஒருத்தி வீட்டில் எடை இரண்டு நாள் குறைந்தபோது, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நேர்ந்துகொண்டாள். எந்த ஆபீஸிலும் பாஸ் வாங்காமல், பார்த்தே இராத ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். செத்த பிள்ளையைப் பற்றிய பேச்சு ஒரு வாரத்திலேயே குறைந்து, யார் வீட்டுக் கல்லோ என்பது யாருக்கும் தெரிய வேண்டாத ஒன்றாக ஆனது.

டெல்சி பிள்ளையைத் தொட்டிலில் போடுவதை நிறுத்திவிட்டாள். பாயில் போட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பிள்ளை பாயில் தூங்கப் பழகாமல் சிணுங்கியது. தொட்டில் தலைக்கு மேல் தட்டையாக, ஒரு கனமும் இல்லாமல் தொங்கியது.

"இங்கேருங்க," என்றாள் ஒரு நாள், வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த புருஷனிடம். "அந்தப் பொண்ணுக்கு ஒரு சேதி சொல்ல முடியாதா?"

அவனுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, ஆனால் ஊசி அட்டை எப்போதும் அவள் தலையணைக்கடியில் இருப்பதை அவன் பார்த்திருந்தான்.

"எப்படிச் சொல்றது? நான் திரும்பவும் அந்தப் பக்கம் போனா, ரெண்டாந்தடவைன்னு வருசக்கணக்குல போட்ருவான்."

"காயிதம் போட்டா?"

"போடலாம். ஊரு பேரு தெரியும், அவ பேரு தெரியும். என்னன்னு எழுதுவ?"

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுதத் தெரியும். பழைய திருநாள் நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். அன்புள்ள அக்காவுக்கு என்று எழுதினாள். அதற்கு அடுத்த வரியில் வரவேண்டியதை அவள் பேனா எழுதவில்லை. நான்தான் என்று எழுதினால் அவளுக்குப் பிள்ளை திரும்ப வராது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் அது தெரிந்தவள் சொல்கிற பேச்சாக இருந்தது. உங்கள் கல் என் பிள்ளை வயிற்றிலும் இருந்தது என்று எழுதினால் அதைவிட ஒரு பாவம் இல்லை. நாலு நாள் அந்தத் தாளை மடித்தாள், பிரித்தாள். அன்புள்ள அக்காவுக்கு என்பதோடு அது நின்றது.

நாற்பத்தொன்றாம் நாள் சந்தியாகப்பர் திருநாளுக்கு முந்தின நாளாக வந்து விழுந்தது. அதை அவள் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தாள். அங்கேயும் அதே வழக்கம் இருக்கும். மற்றதெல்லாம் அதேபோல இருக்கும்போது இது மட்டும் வேறாகவா இருக்கும்? உச்சிப்பொழுதில் யசிந்தா மூன்று முறை ஆட்டுவாள். பிறகு அவிழ்ப்பாள். அவிழ்த்துவிட்டால் டெல்சியிடமிருந்து அவளுக்குப் போகிற வழி கடலிலும் இல்லை, தரையிலும் இல்லை.

அன்று ஊர் முழுக்கக் கோயிலில் தோரணம் கட்டப் போயிருந்தது. மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அமலதாசன் தேரை இழுத்து வைக்கப் போயிருந்தான். டெல்சி பிள்ளைக்குப் பால் கொடுத்து, பாயில் போட்டுத் தட்டினாள். பிள்ளை தூங்கியது. தொட்டிலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அந்த வழியில் எதை அனுப்பலாம் என்று அவள் செய்தி கேட்ட நாளிலிருந்தே நினைத்திருந்தாள். போவதெல்லாம் கனம் ஒன்றுதான். பிள்ளையைப் போட்டால் அங்கே தொய்யும், தெரியாமல் போட்ட ஒரு மாதமும் அப்படித்தான் தொய்ந்திருக்கும். தொய்ந்தால் அந்தப் பெண் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பிள்ளை திரும்பிவிட்டது என்று நினைப்பாள். அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? அரிசி வைக்கலாமா என்றால் அரிசி எதற்கு? கல்லை இனி அவள் தொடுவதாக இல்லை.

தொட்டில் ஆடியது.

முப்பது நாளுக்கு மேலாகத் தானாக அசையாதது, ஒரு முறை போய் வந்தது. முடிச்சு கிறீச்சென்றது. பிள்ளையைத் தூங்கவைக்கிற ஆட்டம் இல்லை அது, இழுத்து விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்ட ஆட்டம். அடங்கி நின்றது. பிறகு இரண்டாவது. டெல்சி எழுந்து முட்டி போட்டு, சேலையின் இரு ஓரத்தையும் விரித்து, பிள்ளை கிடக்கிற இடத்தில் தன் தலையை வைத்தாள். அந்தப் பெண்ணின் பாதத்தில் வைக்க வேண்டிய தலையை வைக்கக் கிடைத்த இடம் அதுதான். பிள்ளையின் பால் வாசனை அந்தத் துணியில் இன்னும் போகாமல் இருந்தது. கனம் முழுவதும் இறங்கட்டும் என்று கழுத்தைத் தளர்த்தினாள்.

மூன்றாவது ஆட்டம் வரவில்லை.

அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கல் வரும் என்று நினைத்தாள். வந்தால் எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். கோயில் மைக்கில் பாட்டுப் போட்டார்கள், அணைத்தார்கள். அப்போது கன்னத்துக்குக் கீழே சேலை மெல்ல மேலே எழும்பியது, கீழே கை கொடுத்துத் தூக்கி எடை பார்ப்பது போல. பிள்ளைத் தலை இல்லை என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கை இறங்கியது. தொட்டில் ஒரு முறை, டெல்சியின் தலையோடு, போய் வந்தது.

பிறகு விட்டத்தில் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. மேல் முடிச்சு, அதற்கு உள்ளே இருந்த இறுக்கு முடிச்சு. யாரும் தொடாமல் அவிழ்ந்த சேலை நழுவி விழவில்லை. கை மாற்றிக் கை மாற்றி இறக்குவதுபோல இறங்கியது. தலையைச் சேலையிலிருந்து எடுக்காமல் அதோடு அதாக டெல்சியும் இறங்கினாள். முட்டியிலிருந்து குனிந்து, குனிந்ததிலிருந்து மடங்கி, கடைசியில் கன்னம் சிமெண்டுத் தரையில் வலிக்காமல் பட்டது. சேலையில் இருந்த இறுக்கம் போயிற்று. அதற்குப் பிறகு அது ஒரு பழைய நூல் சேலை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் மெதுவாகத்தான் இறக்கினாள், போடவில்லை. தரையில் கிடந்தபடியே டெல்சி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். மெதுவாகத்தான் இறக்கினாள். ஆனால் அது தன் தலையின் கனத்தை அறிந்து இறக்கியதா, என்னவென்றே தெரியாமல் வழக்கப்படி இறக்கியதா என்று கேட்க இனி ஒரு வழியும் இல்லை. வெறும் தொட்டிலையும் அவ்வளவு மெதுவாகத்தான் இறக்குவார்கள். இரண்டு கரையிலும் அதுதான் வழக்கம்.

பாயில் பிள்ளை விழித்து அழுதது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டிவிட ஒன்றும் இல்லாத விட்டத்துக்குக் கீழே, அவள் நின்ற இடத்திலேயே ஆடினாள்.